அம்மாவுக்கு மகள் வேஷம்: விருத்தாசலத்தில் ஒரு சாயங்காலம்

எங்கள் கல்லூரிப் பிள்ளைகளை வைத்து வீதி நாடகம் போடும் பொறுப்பைப் பிரின்சிபால் என் தலையில் கட்டிவிட்டார். புத்திமதி நாடகம் என்றாலே எனக்கு ஆகாது. மைக்கைப் பிடித்து "திருந்துங்கள்" என்றால் யார் திருந்துகிறார்கள்? விருத்தாசலத்தில் பீங்கான் வேலை செய்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் வேறு மாதிரி செய்கிறார்கள் என்று தோழி சொன்னாள். சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

திருச்சியில் பதினோரு மணிக்குச் சென்னை பஸ். வேப்பூரில் இறங்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அங்கே பரோட்டா சாப்பிட்டேன். சால்னா பிரமாதம், டீ சகிக்கவில்லை. விருத்தாசலம் பஸ்ஸில் இன்னும் முக்கால் மணி நேரம். கண்டக்டர் சொல்லி அனுப்பினார்: "ஷேர் ஆட்டோ இருவது ரூபாதாங்க. முப்பது கேப்பான், குடுத்துடாதீங்க." ஆட்டோக்காரர் முப்பதுதான் கேட்டார். இருபது என்றதும், "கண்டக்டரு சொல்லிட்டாரா?" என்று சிரித்துக்கொண்டே ஏற்றிக்கொண்டார்.

பீங்கான் யூனிட்டுகள் பக்கம் கொலு பொம்மை சீசன் களைகட்டியிருந்தது. நாடகம் போடும் காலி இடத்தில் காவேரியைப் பார்த்தேன். பதினொன்றாவது படிக்கிறாள். படிக்கிறாள் என்று சொல்வதுகூட அதிகம். மூன்று வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா அஞ்சலையோடு பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறாள்.

"சீசனுக்கு மட்டும்தான்னு அம்மா சொல்றாங்க மிஸ். பக்கத்து வூட்டு அக்காவும் அப்படித்தான் போனாங்க. அப்புறம் ஸ்கூலு பக்கமே போவல. எனக்குப் பயமா இருக்குது."

நாடகமும் அதைப் பற்றித்தான். நடுவில் யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று கத்திவிட்டு உள்ளே வந்து நடிக்கலாம். ஆனால் அப்படி நடுவில் வருகிறவர்கள் தங்கள் சொந்த வேஷத்தைப் போடக்கூடாது. இதுதான் இவர்கள் வைத்திருக்கும் சட்டம்.

ஐந்து மணிக்கு ஆரம்பித்தார்கள். காவேரிதான் மகள். அம்மாவாக நடித்த பெண் அவளை யூனிட்டுக்கு இழுத்துப்போகும் கட்டம் வந்ததும் கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "நிறுத்துங்கடி!"

நிஜ அஞ்சலை. கையில் பெயிண்ட் கறைகூடப் போகவில்லை. "அம்மான்னா அவ்ளோ கெட்டவளா? நான் நடிக்கிறேன், அம்மாவா."

நாடகத்தை நடத்தும் செந்தில் அந்த ஊர்க் கல்லூரி மாணவன். சிரித்தபடி மறித்தான். "அந்த வேஷம் ஒங்களுக்குக் கிடையாதுக்கா. மகளா ஒக்காருங்க. காவேரி அம்மாவா இருக்கட்டும்."

கூட்டம் ஹோவென்று கத்தியது. பின்வாங்க மானம் இடம் கொடுக்காமல் அஞ்சலை உட்கார்ந்துவிட்டார். காவேரி துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு ஆரம்பித்தாள்: "ஏந்திரிடி. இன்னிக்கி ஒரு நாளு வா. சீசன் முடிஞ்சதும் ஸ்கூலுக்குப் போய்க்கலாம்."

"அய்யோ, அப்படியே அஞ்சல கொரலு!" என்று யாரோ கத்த, எல்லாரும் சிரித்தார்கள். அஞ்சலையும்தான் சிரித்தார். காவேரி மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த பெயிண்ட் பிரஷ்ஷை நீட்டியபடி நின்றாள்.

அஞ்சலை அதை வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு மகளை நிமிர்ந்து பார்த்து மெதுவாகச் சொன்னார்: "நேத்தும் இதத்தானம்மா சொன்ன."

அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை நாலரைக்குள் போய்விடுங்கள், பிந்தினால் நிற்க இடம் கிடைக்காது. பொம்மை வாங்கினால் சுற்றப் பழைய பேப்பர் கொண்டுபோங்கள். திரும்பும் பஸ் நேரத்தைக் கண்டக்டரிடமே கேட்டு வையுங்கள். நாடகம் போட நினைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு ஒன்று: வசனத்தை நாம் எழுத வேண்டியதில்லை. அது அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது. இடத்தை மாற்றி உட்காரவைத்தால் போதும்.

ஆட்டோவுக்கு நின்றபோது அஞ்சலையும் காவேரியும் என் பக்கத்தில் நின்றிருந்தார்கள். யூனிட் மேஸ்திரி அந்தப் பக்கமாக வந்தார். "அஞ்சல, நாளைக்கு ஆர்டரு நெறைய இருக்குது. ரெண்டு பேரும் எட்டு மணிக்கே வந்துடுங்க."

அஞ்சலை மகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான் ஒரு ஆளுதாங்க வருவேன்."