எடை இல்லாத எதிராளி

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் துறையூர் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். பக்கத்தில் இரண்டு குத்துச்சண்டை ரசிகர்கள் கத்துகிறார்கள். எடைப்பிரிவு மாறிப்போன வீரன் துணிச்சல்காரன் என்கிறார் ஒருவர். எதிராளிக்குப் பயந்து ஓடியவன் என்கிறார் மற்றவர். எனக்குத் தலை வலிக்கிறது.

சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும் கனத்த மனிதர் என் பக்கம் குனிகிறார்.

"நானும் பாக்சர்தாங்க. ஒருத்தனுக்குப் பயந்தே எடையை ஏத்தி மேல் பிரிவுக்குப் போனேன். அவனும் ஏத்திக்கிட்டுப் பின்னாடியே வந்தான். போன வருஷம் கொள்ளிடத்துல மூழ்கிச் செத்துட்டான்."

"இனிமே பயம் இல்லையே?"

"எப்படிங்க? இப்ப அவனுக்கு எடையே இல்ல. எந்தப் பிரிவுக்கும் வருவான்."

பஸ் வருகிறது. ஏறித் திரும்பிப் பார்க்கிறேன். எதிரே காலியாகக் கிடக்கும் பெஞ்சைப் பார்த்தபடி, இரு முஷ்டிகளையும் தாடைக்கு உயர்த்துகிறார்.