அம்மா சொல்ல நான் எழுதாத கடிதம்

என் அம்மா தன் இறந்துபோன பிள்ளையைப் பற்றிச் சொல்லச் சொல்ல, நான் இரசம் வைக்கும் முறையை எழுதினேன்.

இதுதான் என் குற்றம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். இனி வாசிப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். வாசித்தால், என்னை மன்னிக்க மட்டும் அவசரப்படாதீர்கள்... அதற்கு உரியவர் நீங்கள் அல்லர்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாய் முடித்த முதல் ஆள் நான். அம்மா இரண்டாம் வகுப்பு, அப்பா ஐந்து. எட்டு வயதில் இலண்டனுக்கு வந்த நாளிலிருந்து அவர்களுடைய வாயும் காதும் நான்தான். கவுன்சில் கடிதமானாலும் டொக்டரின் கேள்வியானாலும் என் வழியாகத்தான் வீட்டுக்குள் வரும். வரும்போது கொஞ்சம் மாற்றுவேன். "செத்துப்போவன் போலக் கிடக்கு எண்டு சொல்லு" என்பார் அம்மா. "களைப்பாக இருக்கிறதாம்" என்று டொக்டரிடம் சொல்வேன். நல்லதுக்குத்தானே என்று நினைத்துக்கொள்வேன். அப்படியே கை பழகிவிட்டது!

அம்மா அப்டன் பார்க்கில் ஒரு சேலைக்கடையில், சேலைகளின் கீழ்க்கரையில் உள்பக்கம் வைக்கும் ஃபோல்ஸ் துணி தைக்கிறார். வியாழக்கிழமைகளில் நூலகத்து இங்கிலீஷ் வகுப்புக்குப் போவார். அங்கே ஒரு கடித நட்புத் திட்டம் இருந்தது. தனித்திருக்கும் முதியவர்களுக்கு, முன்பின் தெரியாத ஒருவர் கடிதம் எழுத வேண்டும். அம்மாவுக்கு வந்த சீட்டில் இருந்த பெயர் கிளெனிஸ். வேல்ஸ் நாட்டு மலையடிவாரத்தில் தனியே ஆடு வளர்க்கும், எழுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி.

"ஆட்டுக்காரியோ!" அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "நான் ஆட்டைச் சட்டிக்குள்ளைதான் கண்டிருக்கிறன். அவவுக்கு நான் என்னத்தை எழுதுறது?"

ஆனால் எழுதினார். அதாவது, அவர் சொன்னார், நான் எழுதினேன். கிளெனிஸின் பதில்களை நான் தமிழில் வாசித்தேன். ஒன்றரை வருடம். மழை, முழங்கால் வலி, கடை முதலாளியின் கஞ்சத்தனம், ஒற்றைக்கண் நாய் ஒன்றின் அட்டகாசம். அம்மா அவரை 'ஆட்டுக்கார அக்கா' என்று சொல்லத் தொடங்கினார். கடிதங்களை ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கினார்.

ஒரு வசந்த காலத்தில் கிளெனிஸ் எழுதினார்: ஒரு குட்டி பிறந்த அன்றே இறந்துவிட்டது. தாயாடு மூன்று நாளாக அதே இடத்தில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. எனக்குக் கேட்கத் தாங்கவில்லை.

வாசித்து முடித்தேன். அம்மா ஒரு சேலையின் கரையை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசி நிற்கவில்லை.

"எழுது தம்பி. எனக்கும் ஒண்டு இருந்தது எண்டு எழுது."

"என்னம்மா?"

"பொம்பிளைப் பிள்ளை. கயல் எண்டு பேர். நீ பிறக்க முன்னம். சண்டைக்குள்ளை இடம்பெயர்ந்து போய்க் கிடக்கேக்கை காய்ச்சல். மருந்து இல்லை. மூண்டாம் நாள்..." ஊசி உள்ளே போய் வெளியே வந்தது. "மடியிலை வைச்சிருந்தனான். மற்றச் சனம் வெளிக்கிடுதுகள், நானும் எழும்பி நடக்கத்தானே வேணும். அந்த ஆடு மாதிரி நிண்டு கூப்பிட எனக்கு நேரம் கிடைக்கேல்லை எண்டு எழுது."

எனக்கு ஓர் அக்கா இருந்தாள்! இருபது வயதுக்கு மேல், ஓர் ஆட்டுக்குட்டியின் தயவில், அதை நான் அறிந்துகொண்டேன்.

பேனா என் கையில் இருந்தது. பயம் வந்தது. எப்படிப்பட்ட பயம் என்று உங்களுக்கு விளங்குமோ தெரியாது. அகதி விசாரணையில் எத்தனை பிள்ளை என்று கேட்டபோது, ஒன்று என்று சொன்னவர் அப்பா. அதை மொழிபெயர்ப்பாளர் சொல்ல, அதிகாரி எழுதிக்கொண்டதை அவர் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். எனக்குப் பேனா பிடிக்கத் தெரிந்த நாளிலிருந்து அவர் சொல்லும் புத்தி ஒன்றுதான்: "எழுத்திலை ஒண்டும் குடுக்காதை தம்பி. வாயாலை சொன்னதை மாத்தலாம்." அந்தக் கணத்தில் அதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டாவது பிள்ளை ஒன்று, ஆங்கிலத்தில், என் கையெழுத்தில், யாரோ ஒருத்தியின் வீட்டில்! எங்களுக்குக் குடியுரிமை கிடைத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டிருந்தன. அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் பயந்தேன்.

பயம் மட்டும்தானா? இந்தக் கேள்வியை எத்தனை தடவை என்னையே கேட்டுவிட்டேன்! என்னிடம் சொல்லாததை அம்மா ஒரு வெள்ளைக்காரிக்குச் சொல்கிறாரே என்ற எரிச்சல் இல்லையா? அவருக்கு நான் மகனாக அல்ல, பேனாவாக மட்டுமே அந்த அறையில் இருந்தேனே என்ற கோபம் இல்லையா? இருந்தது... இருந்தது.

அம்மாவுக்கு முன்னாலேயே இருந்து எழுதினேன். தடிமன், சளிக்கு இரசம் நல்லது. மிளகும் சீரகமும் இடித்துப் போட வேண்டும் என்று. அம்மா என் கை அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதி முடித்த தாளை வாங்கி, விரலால் ஒருமுறை தடவிவிட்டு உறைக்குள் வைத்தார்.

பதில் வர இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் அம்மா வேலைக்குப் போகுமுன் தபால் பார்த்தார். வந்தது. இரசம் வைத்துப் பார்த்ததாகவும், நாய் தும்மித் தும்மி வீட்டைச் சுற்றி ஓடியதாகவும் கிளெனிஸ் வெகு உற்சாகமாக எழுதியிருந்தார். அதை அப்படியே வாசிக்க முடியுமா? மழையென்றும் முழங்கால் என்றும் ஏதோ வாசித்தேன்.

"வேறை ஒண்டும் இல்லையோ?"

"இல்லையம்மா."

"பின்பக்கம் பார்."

திருப்பிக் காட்டினேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

அம்மா கடிதத்தை வாங்கி மடித்து டின்னுக்குள் வைத்தார். பிறகு, "சரி. அவவுக்கு ஆடுகள் இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. கிளெனிஸ் இன்னும் மூன்று கடிதம் போட்டார். கடைசிக் கடிதத்தில், 'நான் ஏதாவது தவறாகச் சொல்லிவிட்டேனா?' என்று கேட்டிருந்தார். அதையும் நான் வாசித்துக் காட்டவில்லை. இரண்டு பெண்கள், தாங்கள் செய்யாத பிழையை ஆளுக்கொரு வீட்டில் தேடிக்கொண்டிருந்தார்கள். பிழை இடையில் நின்றது. அதற்கு என் முகம்!

இதோடு நின்றிருந்தால்கூட... நிற்கவில்லை. அதை நான் படமாக்கினேன்.

கல்லூரியில் நான் படித்தது பொம்மைப் படக்கலை. ஸ்டாப் மோஷன் என்பார்கள். பொம்மையை ஒரு மயிரிழை நகர்த்தி ஒரு படம். மறுபடி நகர்த்தி மறுபடி ஒரு படம். ஒரு விநாடிக்கு இருபத்துநான்கு. நாள் முழுதும் முதுகு முறிந்தால் நான்கு விநாடி தேறும். மனோர் பார்க்கில் எங்கள் வீட்டின் சின்ன அறையில் யன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்து, பதினொரு மாதம் எடுத்தேன். வீதியில் பஸ் போனால் மேசை நடுங்கும், பொம்மை அசைந்துவிடும், தொடக்கத்திலிருந்து வர வேண்டும். மூச்சை அடக்கியபடி பஸ்ஸுக்குக் காது கொடுத்தே அந்த மாதங்கள் போயின.

இலண்டனில் சேலை தைக்கும் ஒருத்தி, மலையில் ஆடு வளர்க்கும் ஒருத்தி, இருவருக்கும் இடையே கடிதங்கள். வசனமே இல்லாத படம். அம்மாவின் சாயலில் செய்த பொம்மைக்கு உள்ளங்கையகலச் சேலையை அம்மாவே தைத்தார். அதற்கும் ஃபோல்ஸ் வைத்தார்!

"எனக்கு இவ்வளவு மொத்த இடுப்போடா?"

"உள்ளுக்குக் கம்பி இருக்கம்மா."

"எனக்குள்ளையும்தான் கம்பி இருக்கு. அதுக்காக இப்பிடியோ?"

அந்தப் படத்தில் அந்தக் கடிதம் இருக்கிறது. நான் எழுதாமல் விட்டது. அம்மா சொன்னதையே, ஒரு சொல் விடாமல், கயலின் பெயரை மட்டும் கடைசிப் பக்கமாகத் தள்ளி, ஆங்கிலத்தில் ஆறு வரியாக எழுதினேன். அது திரை நிறைய நான்கு விநாடி நிற்கும். ஆட்டுக்காரிப் பொம்மை அதை வாசித்து அழும். அழும் காட்சியை எடுத்த நாளில் அம்மா தேநீரோடு உள்ளே வந்தார்.

"இவ ஏன் அழுறா?"

"குட்டி செத்ததுக்கு அம்மா."

பொம்மையின் கன்னத்தில் நான் ஒட்டியிருந்த கிளிசரின் துளியை அம்மா குனிந்து பார்த்தார். தேநீரைக் கதவோரம் வைத்துவிட்டுப் போனார்.

நிஜத்தில் எழுதப் பயந்தவன், படத்தில் ஏன் எழுதினேன்? கலைக்காகவா? கைதட்டலுக்காகவா? பிடிபட வேண்டும் என்று எனக்குள் ஏதோ ஒன்று விரும்பியதா? தெரியாது... சத்தியமாகத் தெரியாது.

படத்தை நூலக மண்டபத்தில் திரையிட்டார்கள். கடித நட்புத் திட்டத்தை நடத்திய அம்மையார் எனக்குச் சொல்லாமலே கிளெனிஸை அழைத்திருந்தார். சேறு படிந்த சப்பாத்தோடு, ஒரு போத்தல் தேனோடு, ரயில் ஏறி வந்திருந்தார். அம்மாவுக்கும் அவருக்கும் நடுவில் எனக்கு நாற்காலி போட்டார்கள். மொழிபெயர்க்க வேண்டுமல்லவா!

நான்கு விநாடி. அம்மாவால் அந்த வேகத்தில் வாசிக்க ஏலாது. கிளெனிஸ் வாசித்தார். விளக்குப் போட்டபோது அவருடைய முகம் சாம்பலாக இருந்தது.

"அந்தக் குழந்தை... அது உண்மையா?" என்று என்னைக் கேட்டார்.

அம்மாவும் அதே நேரத்தில் என் கையைப் பிடித்தார். "கேள் தம்பி. நான் என்ரை பிள்ளையைப் பற்றி எழுதினனான். ஒரு சொல்லும் திருப்பி எழுதேல்லை. கோவமில்லை எண்டு சொல்லு. ஏனெண்டு மட்டும் கேள். அப்பிடியே சொல்லோணும், விளங்குதோ?"

கைதட்டல் ஓயவில்லை. எல்லாரும் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கிளெனிஸிடம் சொன்னேன்: "அது கற்பனை. நீங்கள் வந்ததில் அம்மாவுக்கு மிகுந்த மகிழ்ச்சியாம்."

அம்மாவிடம் சொன்னேன்: "அவவுக்கு என்ன எழுதுறதெண்டு தெரியேல்லையாம் அம்மா."

அம்மா தலையாட்டினார். கிளெனிஸும் தலையாட்டினார். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு புன்னகைத்ததை யாரோ படம் எடுத்தார்கள். இரண்டாவது தடவையும் நான் அதையே செய்தேன். இம்முறை அவர்கள் இருவருடைய கண்களையும் பார்த்துக்கொண்டே செய்தேன்.

இதுவரை சொன்னது பழையது. இனி நான் சொல்லப்போவது, இப்போது எங்கள் சமையலறையில் நடந்துகொண்டிருப்பது.

படத்தின் பிரதி அம்மாவின் போனில் இருக்கிறது. நானே போட்டுக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் அதை ஓடவிட்டு, அந்தக் கடிதத்தில் நிறுத்தினார். நான் அசையவிடாமல் காத்த படங்களில் ஒன்று, அசையாமல் நின்றது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வகுப்புக் கொப்பியை விரித்து, பெரிய பெரிய எழுத்தில் பார்த்து எழுதத் தொடங்கினார். ஒரு நாளைக்கு ஒரு வரி.

"என்னம்மா செய்யிறியள்?"

"கை பழகிறன்."

"தாங்கோ, நான் வாசிச்சுச் சொல்லுறன்."

அம்மா நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடிக்கு மேலால்.

"வேண்டாம் தம்பி. நான் கிளாசிலை கேக்கிறன்."

அம்மா என்னிடம் அர்த்தம் கேட்காத முதல் சொற்கள், அந்தக் கடிதத்தின் சொற்கள். எட்டு வயதிலிருந்து இந்த நாள் வரைக்கும்... முதல் சொற்கள்.

இன்று புதன். நாலு வரி முடிந்துவிட்டது. கொப்பி மேசையில் திறந்தே கிடக்கிறது. ஐந்தாவது வரியில் ஒரு பெயர் இருக்கிறது. அதை எழுத்துக்கூட்ட அம்மாவுக்கு வகுப்பும் தேவையில்லை, நானும் தேவையில்லை.

நாளைக் காலை அந்த வரியில் அம்மாவின் பேனா நிற்கும்போது நான் வீட்டில் இருக்க வேண்டுமா, இல்லாமல் போய்விட வேண்டுமா? இரண்டுக்கும் பயமாக இருக்கிறது. கீழே வீதியில் பஸ் போகிறது. மேசை நடுங்குகிறது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிறேன்.