நான் வெளுத்துக் கொடுத்த கிணற்றுத் தண்ணீர்

போட்டோ கழுவும் மருந்தின் வாசம் தெரியுமா உங்களுக்கு? வினாகிரியில் கூழ் முட்டை விழுந்த மாதிரி... எத்தனை தரம் சோப் போட்டாலும் கையை விட்டுப் போகாது. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

தொண்ணூறுகளில் லண்டன் நோர்பரியில் ஒரு போட்டோ கடையில் எனக்கு வேலை. ஒரு மணித்தியாலத்தில் படம் கிடைக்கும். முதலாளி சிவா அண்ணை முன்னுக்கு கவுண்டரில், நான் பின்னுக்கு மெசினில்.

ஒவ்வொரு படமாகச் சின்னத் திரையில் வரும். நிறம் பிசகியிருந்தால் பட்டனைத் தட்டித் திருத்தி அச்சுக்கு விடவேண்டும். அதற்கு அண்ணையிடம் ஒரே சட்டம்தான்.

“பிள்ளை, தண்ணி எண்டால் நீலம், புல்லு எண்டால் பச்சை. சனம் அதுக்குத்தான் காசு தருது.”

எனக்கும் அதில் கொஞ்சம் திமிர் ஏறியிருந்தது. கலியாண ஹோல் லைட்டில் மஞ்சள் காமாலை வந்தவர்கள் மாதிரி நிற்கும் மாப்பிள்ளைகளை எத்தனை பேரைச் சுகப்படுத்தி அனுப்பியிருப்பேன்!

ஒரு நாள் காலை ஒரு அமெரிக்க அம்மா வந்து ஒரு பிலிம் ரோலைக் கொடுத்தார். பெயர் ரூத். அறுபது வயது தாண்டியிருக்கும். மேற்கு வெர்ஜீனியாவில் இருந்து வந்து, நோர்பரியில் கலியாணம் கட்டியிருக்கும் மகளோடு தங்கியிருந்தார். பின்னேரம் வருவதாகச் சொல்லிப் போனார்.

திரையில் பார்த்தால்... எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு ஓடை, முழுக்க செம்மஞ்சள். பொழுது படும் நேரம் எடுத்திருப்பார் என்று நினைத்து நீலத்தைக் கூட்டினேன். அடுத்தது சமையலறை மேசையில் ஒரு போத்தல் தண்ணீர், தேத்தண்ணி நிறம். பல்ப் வெளிச்சத்தின் வேலை என்று அதையும் வெளுத்தேன். வெள்ளை மேசை விரிப்பு நீலம் அடித்தது. யார் மேசை விரிப்பைப் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

பின்னேரம் ரூத் உறையைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் வெளிறிப் போனது. போத்தல் படத்தை என் பக்கம் திருப்பினார்.

“இது என் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். இவ்வளவு சுத்தமாக இதை நான் பார்த்தே பல மாதமாகிவிட்டது, மகளே. இதைக் காட்டினால் யார் என்னை நம்புவார்கள்?”

படத்தை வாங்கி மறுபடி பார்த்தேன்.

பிறகு இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் வீட்டு வாசலுக்கு நேரே மரம் மூடிய பெரிய மலை. மற்றதில் சாம்பல் நிற வெளி. இரண்டு வேறு ஊர் என்றுதான் அச்சடிக்கும்போது நினைத்திருந்தேன். இரண்டும் ஒரே வாசலில் நின்று எடுத்ததாம், ஒரு வருட இடைவெளியில்.

“அப்ப மலை எங்கே?” என்று கேட்டேன்.

வெடி வைத்து உச்சியையே எடுத்துவிட்டார்கள் என்றார். உள்ளே இருக்கும் நிலக்கரிக்காக. உடைத்த கல்லையும் மண்ணையும் பள்ளத்தாக்கில் கொட்ட, ஓடைகள் அடியில் புதைந்து போயின. மிஞ்சிய ஓடை இந்த நிறத்தில் ஓடுகிறது. வெடிக்கிற வெடியில் வீட்டுச் சுவர் பிளந்திருக்கிறது. ஊர்ச் சனம் சேர்ந்து எதிர்க்கிறது. அந்தச் சுரங்கத்தில் பணம் போட்ட நிறுவனம் ஒன்று லண்டனில் இருக்கிறதாம். அடுத்த நாள் அதன் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேச ரூத்துக்கு இடம் கிடைத்திருந்தது. கையில் இருந்த சாட்சி இந்தப் படங்கள்தான்.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. எங்களுக்கு மலையும் இல்லை, ஆறும் இல்லை. ஆனால் கிணறு தெரியும். கிணறு கெட்டுப்போனால் அந்த வளவில் குடியிருக்க ஏலாது என்பதும் தெரியும். அதை நான் பட்டனைத் தட்டி நல்ல தண்ணீராக்கி வைத்திருக்கிறேன்...

எந்தத் திருத்தமும் இல்லாமல் திரும்ப அச்சடித்தேன். சுடச்சுட வெளியே வந்த அந்தச் செம்மஞ்சளைப் பார்த்து அண்ணையே கவுண்டரை விட்டு எழும்பி வந்தார். காசு வாங்கவில்லை.

ரூத் பேனாவை நீட்டினார். “நிறம் மாற்றாமல் அச்சடித்தது என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவாயா? நாளைக்குக் கட்டாயம் கேட்பார்கள்.”

அண்ணை என் காதுக்குள் சொன்னார். “வேண்டாம் பிள்ளை. உமக்கு இன்னும் விசா வரேல்ல. ஏன் தேவையில்லாத வேலை?”

“நீங்கள் போடலாமே அண்ணை?”

“எனக்குக் கடை இருக்கு.”

எனக்கும் பயம்தான், பொய் சொல்லவில்லை. “சொரி, ஏலாது” என்றேன். ரூத் தலையாட்டிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து விடைபெற வந்தார். அங்கே படங்களைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்களாம். ஒருவர் கேட்டாராம், கடையில் சொல்லி நிறத்தைக் கூட்டியதா என்று. இல்லை என்பதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று இன்னொருவர். இல்லை என்றதும் படங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த விசயத்துக்குப் போய்விட்டார்களாம்.

கூட்டியதா? நான் முதலில் குறைத்தல்லவா கொடுத்தேன்! ரூத் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. இன்னொரு ரோல் வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவரை நான் காணவில்லை.

இப்போது என் போன் என்னைக் கேட்காமலே எல்லாத் தண்ணீரையும் நீலமாக்கிக் காட்டுகிறது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் அலுமாரியில் இருக்கிறது. காட்டைக் காப்பாற்று, கடலைக் காப்பாற்று என்று வருகிற பெட்டிசனுக்கெல்லாம் சோபாவில் சாய்ந்தபடி பெயரைப் போடுகிறேன், ஒரு பயமும் இல்லாமல்...

அவற்றில் ஒன்றுக்குக்கூட என் கையெழுத்துத்தான் வேண்டும் என்று இல்லை. ரூத்துக்கு என்னுடையதுதான் வேண்டியிருந்தது.