வகிட்டுக்கு இடப்புறம்

“ரெண்டு எழுத்து படிச்சுட்டா மூளைக்குள்ள பூந்து பாத்துடுவியா நீ? பேசாம அவனுக்கு மொட்ட போடு. எல்லாம் சரியாப் பூடும்.”

ஆஸ்பத்திரி நடைவழியில் என் மாமா, அம்மாவின் தம்பி, இப்படிச் சொன்னார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்தவள் நான் ஒருத்திதான். அண்ணனின் ஸ்கேன் அறிக்கையைப் படித்து அம்மாவுக்குச் சொன்னதும் நான்தான்.

அண்ணன் காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். தோள் வரை முடி. டீசல் புகையும் உப்புக்காற்றும் படுகிற வேலையில் அதைக் காப்பாற்றுவது சுலபமில்லை. நுனிக்கு எண்ணெய் தொட்டு, கொண்டை போட்டு, மேலே துணி கட்டிக்கொண்டுதான் படகில் ஏறுவான். குளித்ததும் துண்டால் தேய்க்க மாட்டான், பழைய பனியனால் ஒற்றி எடுப்பான். ஈரம் காயாமல் கட்டவே மாட்டான். யாராவது கிண்டல் செய்தால், “பொறாம மாமு உனக்கு” என்பான்.

ஒரு நாள் காலை அவன் கண்ணாடியிலிருந்து திரும்பினான். வலப்பக்க முடி வழவழவென்று சீவி ரப்பர் பேண்டில் அடங்கியிருந்தது. இடப்பக்கம் தூங்கி எழுந்த சிக்கோடு முகத்தில் தொங்கியது. வகிட்டோடு சீப்பு நின்றுவிட்டது போல இருந்தது.

“இன்னா நைனா, புது ஸ்டைலா?” என்று அம்மா சிரித்தாள்.

“இன்னா ஸ்டைலு? எப்பவும் போலத்தான சீவிக்கினு கீறேன்.”

அம்மா நீட்டிய டீ கிளாஸ் அவன் இடக்கையில் நிற்காமல் விழுந்து உடைந்தது. அவன் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. உடனே ஆட்டோ பிடித்தோம். உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் நீங்களும் யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் அடைபடுவது) என்றார் டாக்டர். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து ஏற்றினார்கள். உயிர் தங்கியது. கை கால் அசைவும் மெல்லத் திரும்பியது. அவனுடைய இடப்பக்கம் மட்டும் அவனிடம் திரும்பவில்லை. இதை ஒருபக்கப் புறக்கணிப்பு (கண் பார்த்தாலும் மூளை அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுக்காத நிலை) என்றார்கள். தட்டில் வலப்பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு, இன்னும் போடு என்பான்.

ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகுதான் அவள் வந்தாள்.

“பாப்பா, என் பக்கத்துல ஒருத்தி படுத்துகினு கீறா. அவ முடி என் மூஞ்சில வுழுது.”

மின்விசிறிக் காற்றில் அவனுடைய இடப்பக்க முடிதான் கன்னத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

“அது உன் முடிதாண்ணா.”

“என் முடி எனக்குத் தெரியாதா? இது ஒரே சிக்கு, கலீஜா கீது. வெட்டி வுடு பாப்பா, அவ போய்டுவா.”

அன்றிலிருந்து அம்மா பேய் என்று பயந்து கட்டிலின் இடப்பக்கம் போகவில்லை. மொட்டைக்கு ஆள் பேசிவிட்டதாக மாமா சொன்னார். மாமாவை எதிர்ப்பது எனக்குப் பழக்கம்தான். அண்ணனே கெஞ்சுவதைத்தான் தாங்க முடியவில்லை. வெட்டினால் அவள் போய்விடுவாள். அவளோடு அவனுடைய பாதியும் போய்விட்டால்?

செயல்முறை சிகிச்சையாளரிடம் (அன்றாட வேலைகளைச் செய்யவைத்தே உடலை மீட்பவர்) கேட்டேன்.

“வெட்டாதீங்க. சீப்ப அவர் கையிலயே குடுங்க. வகிடு வரைக்கும் அவரா வரட்டும். அங்கேருந்து நீங்க கையப் பிடிச்சுக் கொஞ்சம் தாண்ட வையுங்க” என்றார் அவர்.

படுக்கையில் இருப்பவரின் நீண்ட முடியை நுனியிலிருந்துதான் பிரிக்க வேண்டும். எண்ணெயை விரலில் எடுத்துச் சிக்கில் விட்டு, அகலப் பல் சீப்பால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டும். சிக்குக்கு மேலே முடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் தலையில் இழுப்பு தெரியாது. நான் அப்படித்தான் பிடித்திருந்தேன். தினமும் அவன் சீப்பு வகிட்டைத் தாண்டியது. தினமும் அவன் சொன்னான், “அவளுக்கு நா ஏன் சீவணும்?”

ஒரு மதியம் எனக்கு உறைத்தது. இழுப்பு அவனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தவளே நான்தான். சீப்பு காதுக்கு மேலே சிக்கில் மாட்டியபோது, முடியைப் பிடித்திருந்த விரல்களை எடுத்துவிட்டேன்.

“ஸ்… வலிக்குது.”

“யாருக்குண்ணா?”

அவன் கை சீப்போடு அங்கேயே நின்றது.

“எனக்குத்தான்” என்றான். பிறகு, “அப்போ அவ எங்க போனா?”

மாமா பேசிவைத்த ஆளை நான் திருப்பி அனுப்பினேன். சீப்பு காதைத் தாண்டிய நாள், பிடரியைத் தொட்ட நாள் என்றுதான் இப்போது எனக்கு நாட்கள் நினைவிருக்கின்றன. கண்ணாடி முன் நான் என் முடியை இடப்பக்கத்திலிருந்துதான் சீவத் தொடங்குகிறேன். முடித்ததும் அந்தப் பக்கக் காதைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணன் இப்போது முழுத்தலையையும் வாரிக் கொண்டை போடுகிறான். கொஞ்சம் கோணலாக இருக்கும். ஆனால் தூங்கும்போது இன்னும் வலது ஓரத்தில் ஒண்டிப் படுத்து, யாருக்கோ இடம் விடுகிறான்.

அதனால் நேற்று கட்டிலைத் திருப்பிப் போட்டேன். கதவு இப்போது அவனுக்கு இடப்புறம். இனி அம்மா வந்தாலும், மாமா வந்தாலும், அவளே திரும்பி வந்தாலும், அந்தப் பக்கமாகத்தான் வர வேண்டும். அவன் திரும்பிப் பார்த்தாக வேண்டும்.