ஒரு டோக்கன், இரண்டு ஆள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த கம்பெனி காருக்கான ரப்பர் சீல் செய்தது. என் வேலை ரிப்போர்ட் போடுவது. கேட்டில் விரல் வைக்கும் மெஷினில் வருகைப் பதிவு, டைம் ஆபீஸ் சாஃப்ட்வேரில் ஆள் பட்டியல், தரப் பிரிவு எக்செலில் கழித்துப்போட்ட பீஸ்கள். மூன்றும் மூன்று இடத்தில் கிடந்தன. மூன்றையும் ஒவ்வொருவர் பேட்ஜிலும் இருக்கும் டோக்கன் எண்ணை வைத்துச் சேர்த்து ஒரே டாஷ்போர்டில் காட்டச் சொன்னார் மேனேஜர். யார் கையில் எவ்வளவு பீஸ் வீணாகிறது என்று அவருக்கு ஒரே பார்வையில் தெரியவேண்டுமாம். செய்துகொடுத்தேன். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அழகாக வந்தது. மீட்டிங்கில் கை தட்டினார்கள், நானும் இளித்துக்கொண்டு நின்றேன். இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை அறையத் தோன்றுகிறது.

அடுத்த திங்கட்கிழமை காலை கேட்டுக்கு வெளியே ஒரு பெண் நின்றிருந்தாள். மண்ணூர்பேட்டையிலிருந்து நடந்தே வருகிற காண்ட்ராக்ட் தொழிலாளி. சீல்களில் பிசிறு வெட்டுகிறவள். சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவள் விரலை மெஷின் ஏற்கவில்லை. சிவப்பில் முதல் பெயர் அவளுடையது என்பதால் நிறுத்திவிட்டார்களாம். அவள் வீட்டில் வேறு யாருக்கும் வேலை இல்லை என்று வாட்ச்மேன் மெதுவாகச் சொன்னார்.

"என் கையில அவ்ளோ பீஸ் போவல மேடம். இன்னான்னு கொஞ்சம் பாருங்க," என்றாள்.

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். அவள் பெயரில் இருந்ததில் முக்கால்வாசி, அவள் இந்தக் கேட்டையே பார்த்திராத மாதங்களுடையது.

டைம் ஆபீசுக்கு ஓடினேன். அங்கிருந்த கிளார்க் அலட்டிக்கொள்ளவே இல்லை. காண்ட்ராக்ட் ஆள் நின்றுவிட்டால் அவன் டோக்கனை அடுத்து வருகிறவருக்குக் கொடுப்பது இங்கே வழக்கமாம். புது பேட்ஜ் அடிக்க யார் மெனக்கெடுவது? பட்டியலில் பழைய பெயரை அழித்துப் புதுப் பெயரை எழுதிவிடுவார்கள். தரப் பிரிவு எக்செலிலோ எண் மட்டும்தான். பொங்கலோடு நின்றுபோன எவனோ ஒருத்தன் கெடுத்த பீஸ்களை எல்லாம் நான் இவள் தலையில் கட்டியிருக்கிறேன். கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், ரிப்போர்ட் போடுகிற மகாராணிக்குத் தெரியவில்லை. சேர்ந்த தேதிக்கு ஒரு கட்டம் அந்தப் பட்டியலிலேயே இருந்தது. அதையும் வைத்துப் பொருத்தியிருந்தால் தீர்ந்தது. கண்ணை எங்கே வைத்திருந்தேனோ.

பொருத்திப் புது ரிப்போர்ட் எடுத்தேன். அதில் அவள் பச்சையில் இருந்தாள். மேனேஜர் அதைப் பார்த்தார், காபியைக் குடித்தார். பழையது ஹெட் ஆபீசுக்குப் போய்விட்டதாம். தப்பு என்று இப்போது சொன்னால் நம் மானம் போகுமாம்.

"அடுத்த மாசத்துலேர்ந்து கரெக்டா போட்டுக்கலாம். அந்த இடத்துக்கு வேற ஆள் வந்தாச்சு," என்றார். அவள் டோக்கனை அந்தப் புது ஆளுக்குக் கொடுத்தும் ஆகிவிட்டது.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தப்பு செய்தது நான், நிறுத்துவதென்றால் என்னை நிறுத்துங்கள் என்று கத்தினேன். அவர் சிரித்தார். என்னை எதற்கு நிறுத்துவார்? டாஷ்போர்டு போட அப்புறம் யாரைத் தேடுவது? கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். அதற்கு மேல் என்ன கிழித்தேன்? ராஜினாமாவா செய்தேன்? மாதக் கடைசியில் அதே மேனேஜருக்கு அடுத்த ரிப்போர்ட்டைப் போட்டுக்கொடுத்தேன்.

அந்தத் திங்கட்கிழமை, மேனேஜர் அறையிலிருந்து நேராகக் கேட்டுக்குப் போனபோது அவள் சாப்பாட்டுப் பையோடு அங்கேயே நின்றிருந்தாள். ஒன்று விடாமல் சொன்னேன். அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அந்த ஆள் பேரு பேட்ஜ்ல ஒட்டிகினு இருந்துச்சு மேடம். நான்தான் சொரண்டி எடுத்தேன்," என்றாள். "தெனிக்கும் என்னைத் தாண்டித்தான மேல போறீங்க. ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

கேட்டதில்லை. அவள் பெயரே எனக்கு அந்தத் திரையில் சிவப்பாகப் பார்த்துத்தான் தெரியும்.