பதினாறு கேஜும் ஷட்டர் முத்தையாவும்

1. முதல் நாள்

நர்சிங் முதல் வருடம், வார்டுக்குள் கால் வைத்த முதல் நாள். இன்சார்ஜ் சிஸ்டர் ஒரு நோயாளியின் கையைப் பிடித்தபடி, என் பக்கம் திரும்பாமலே, "பதினெட்டு கேஜ் எடுத்துட்டு வா புள்ள" என்றார்.

கேஜ் என்ற சொல்லே எனக்குப் புதிது. காயத்தில் வைத்துக் கட்டும் மெல்லிய துணியை ஆஸ்பத்திரியில் 'காஜ்' என்பார்கள், அது தெரியும். ஓடிப்போய் டிரம்மைத் திறந்து, பதினெட்டுத் துணிகளை எண்ணி எடுத்து, ட்ரேயில் வரிசையாக அடுக்கிக் கொண்டுவந்து நீட்டினேன்.

"என்னாத்தா இது? பந்திக்கு இலை போடப் போறியா?" என்றார் சிஸ்டர்.

வார்டே சிரித்தது. கையை நீட்டிக்கொண்டிருந்த நோயாளியும் சிரித்தார். அவருக்கு டிரிப்ஸ் ஏற்றுவதற்கு முன் அப்படி ஒரு வேடிக்கை தேவைப்பட்டிருக்கும் போல.

சிஸ்டர் கேட்டது கேனுலா. டிரிப்ஸ் ஏற்ற நரம்புக்குள் விட்டுவைக்கும் குட்டிக் குழாய் அது. அதன் பருமனைச் சொல்லும் நம்பர்தான் கேஜ். நம்பர் ஏற ஏறக் குழாய் சன்னமாகும். இருபத்து நாலு மஞ்சள் நிறம், குழந்தைகளுக்குப் போடுவது. பதினெட்டு பச்சை. பதினாறு சாம்பல் நிறம், நல்ல தடி. "நம்பர் கூடினா பொருள் குறையும், விலைவாசி மாதிரி நெனச்சுக்க" என்று சிஸ்டர் சொல்லிக் கொடுத்தார். பிறகு எனக்கு மறக்கவே இல்லை.

2. ஆண்டிபட்டிப் பெரியவர்

பின்னால் கம்பத்தில் ஒரு நர்சிங் ஹோமில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். மதுரை–போடி ரயில் பாதையை அகலப்படுத்துவதாகச் சொல்லி ரயிலை நிறுத்தியிருந்த சமயத்தில் நடந்தது இது. ஆண்டிபட்டிக்காரர் ஒருவர் காய்ச்சலுக்கு அட்மிட் ஆகியிருந்தார். டிரிப்ஸ் போட்ட இடம் வீங்கிவிட்டது. சன்னமான கேனுலாவாக வேறு கையில் போடலாம் என்று, "ஐயா, கேஜ் மாத்தணும்" என்றேன்.

பெரியவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"ஆத்தா, கேஜ் மாத்துறேன்னு சொல்லித்தான் எங்க ஊரு ரயில நிப்பாட்டுனாக. வருசக்கணக்காச்சு, இன்னும் வந்து சேரல. நான் அதுவரைக்கும் இங்கனயே படுத்துக் கெடக்கணுமா?"

"அஞ்சு நிமிசம்தான் ஐயா."

"அவுகளும் அப்பிடித்தான சொன்னாக!"

அன்று முதல் நோயாளிகளிடம் கேஜ் என்ற சொல்லைத் தவிர்த்தேன். ஆனால் அவசரத்தில் டாக்டர்கள் சொல்லும்போது என்ன செய்ய முடியும்?

3. ஜீப்

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. ஏலக்காய்த் தோட்ட வேலை முடிந்து மலையிலிருந்து இறங்கிய ஜீப் ஒன்று திருப்பத்தில் கவிழ்ந்துவிட்டது. சாயங்கால நேரம். ஏறக்குறைய எல்லோருக்கும் சிராய்ப்புதான். செல்வி என்ற பெண்ணுக்கு மட்டும் தொடை எலும்பு முறிந்திருந்தது. வெளியே ரத்தம் அதிகமில்லை. ஆனால் முகம் வெளுத்து, கை சில்லிட்டு, பிரஷர் இறங்கிக்கொண்டே வந்தது. தொடை எலும்பு முறிந்தால் உள்ளுக்குள்ளேயே ஏராளமாக ரத்தம் கசியும். தேனிக்கு அனுப்பித்தான் ஆபரேஷன். ஆனால் இந்த நிலையில் வண்டியில் ஏற்றினால் போய்ச் சேரும்வரை தாங்குவாளா என்பது சந்தேகம்.

டூட்டி டாக்டர் இளைஞர், பதறாதவர். "ரெண்டு கையிலயும் பதினாறு கேஜ் போடுங்க சிஸ்டர், சீக்கிரம்" என்றார்.

நான் சாம்பல் நிறக் கேனுலாவைப் பிரித்தேன். ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. விரலெல்லாம் இரும்புத் தூள். செல்வியின் புருஷன் முத்தையா, சேதி கேட்டு அப்போதுதான் ஓடி வந்திருந்தார்.

"பதினாறா? ஏம்மா, மனுசிக்குப் போடுறீகளா, மாட்டுக்குப் போடுறீகளா? இருவத்தி நாலு போடு!"

"அண்ணே, கைய விடுங்க."

"விட மாட்டேன். எனக்கா கேஜ் தெரியாது? கடை ஷட்டரே பதினெட்டுலதான் போடுவேன். பதினாறு குடோன் கேட்டுக்குப் போடுற தகடு! அவ கையப் பாருங்க, குச்சி மாதிரி இருக்கு!"

வாட்ச்மேன் அவரைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். அவர் அசையவில்லை, என் கையையும் விடவில்லை. பிரஷர் இறங்க இறங்க நரம்பு சப்பிப்போகும், அப்புறம் எத்தனை குத்துக் குத்தினாலும் அகப்படாது.

வழக்கமாக உறவுக்காரர்கள் "பெரிய ஊசி வேண்டாம்" என்றுதான் சண்டை பிடிப்பார்கள். இவர் நம்பர் சொல்லிச் சண்டை போட்டார். அதுவும் எது தடி, எது சன்னம் என்று சரியாகத் தெரிந்து. இவரிடம் சமாதானம் பேசிப் பயனில்லை, தொழில்தான் பேச வேண்டும் என்று தோன்றியது.

"அண்ணே, ஷட்டர் பட்டறையா?"

"ஆமா."

வாட்ச்மேனைக் கையமர்த்திவிட்டு, ஒரு மஞ்சள் கேனுலாவையும் எடுத்து இரண்டையும் அவர் கண் முன்னால் பிடித்தேன்.

"நீங்க சொல்றது சரிதான். இது இருவத்தி நாலு, இது பதினாறு. அக்காவுக்கு உள்ள ரத்தம் போயிக்கிட்டே இருக்கு. போற வேகத்துக்கு நாங்க ஏத்தணும். மஞ்சள்ல ஒரு பாட்டில் இறங்க அரை மணிக்கு மேல ஆகும். இதுல விட்டா கடகடன்னு இறங்கிரும். தகடு கணக்குப் பாக்காதீக அண்ணே, பைப்பு கணக்குப் பாருங்க."

அவர் இரண்டு குழாய்களையும் மாறி மாறிப் பார்த்தார். தொழில்காரர் கண் அது. அளவெடுக்கக் கருவி வேண்டியதில்லை.

"பதினாறே போடுங்க" என்றார். பிடித்திருந்த என் கையை விட்டு, செல்வியின் கையைப் பிடித்து ஆடாமல் நிறுத்திக் கொடுத்தார்.

இடது கையில் முதல் குத்திலேயே கிடைத்தது. வலது கையில் கிடைக்கவில்லை. முத்தையா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்சம் மேலே தேடிக் குத்தினேன், ரத்தம் எட்டிப் பார்த்தது. இரண்டு பாட்டில்களையும் முழுதாகத் திறந்துவிட்டோம்.

4. திரைக்கு அந்தப் பக்கம்

அடுத்து சிறுநீர்க் குழாய் போட வேண்டும். முத்தையாவை வெளியே அனுப்பிவிட்டுத் திரையை இழுத்தேன். டாக்டர், "பதினாலு போதும் சிஸ்டர்" என்றார்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது.

"பதினாலா? அது பதினாறவிடத் தடியாச்சே!"

"அண்ணே, இது வேற கணக்கு! பிரெஞ்சு சைசு! இதுல நம்பர் கூடினாத்தான் தடி கூடும், பதினாலு சின்னதுதான்!"

திரைக்கு அடியில் அவர் கால்கள் இன்னும் ஓர் அடி கிட்டே வந்தன.

"ஒரே ஆஸ்பத்திரிக்குள்ள ரெண்டு கணக்கா? எங்க பட்டறையில இப்பிடி வச்சா ஒரு ஷட்டரும் எறங்காது சிஸ்டர்."

டாக்டர் சிரித்தார். சிரித்துக்கொண்டே பிரஷர் பார்த்தவர், தலையை ஆட்டி, "ஏறுது" என்றார். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது செல்வி கண் திறந்து, "எங்க போறோம்?" என்று கேட்டாள். "தேனிக்கு. நான் கூடவேதான் வாறேன்" என்றார் முத்தையா.

5. செல்வி சொன்னது

கால் எலும்பு கூடிய பிறகு ஒரு நாள் இருவரும் வந்தார்கள். செல்வி ஊன்றுகோலோடு மெதுவாக நடந்து வந்தாள். கையில் ஒரு பை நிறைய பன்னீர் திராட்சை. முத்தையா வாசலிலேயே நின்றுகொண்டார், உள்ளே வரக் கூச்சம்.

"இந்த மனுசன் உங்க கையப் பிடிச்சுச் சண்டை போட்டாராமே சிஸ்டர்?" என்றாள் செல்வி.

"எல்லாம் உனக்காகத்தான் ஆத்தா. ரொம்ப வலிச்சுச்சா அன்னைக்கு?"

"எனக்கு ஊசி ஏறுனதே தெரியாது சிஸ்டர். இவருக்குத்தான் இன்னும் வலிக்குதாம். ராத்திரி தூக்கத்துல என் கையத் தடவித் தடவிப் பாக்குறாரு."

வாசலில் நின்றவர் அவசரமாகத் திரும்பி, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படிக்கத் தொடங்கினார்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். படுத்திருப்பவரின் நரம்பைத் தேடும்போது, பக்கத்தில் நிற்பவரின் முகத்தையும் ஒரு முறை பாருங்கள். என்ன போடப் போகிறீர்கள், எதற்கு என்று அவருக்குப் புரிகிற பேச்சில் ஒரு வரி சொல்லுங்கள். அந்த ஊசி அவருக்கும்தான் ஏறுகிறது.