பதினாறு நிறத்தில் ஒரு முகம்

இன்று காலை தேநீரும் கையுமாகக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன். திரை சட்டென்று கறுத்து, உடனேயே திரும்பி வந்தது. மூலையில் சின்ன அறிவிப்பு ஒன்று: கிராபிக்ஸ் டிரைவர் புதுப்பிக்கப்பட்டுவிட்டதாம். "என்னப்பா, பழுதாப் போச்சே?" என்று மனைவி எட்டிப் பார்த்தாள். "இல்லை, திருந்தியிருக்கு" என்றேன். இதே காரியத்துக்கு ஒரு காலத்தில் நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். கொஞ்ச நேரத்துக்குத்தான்.

சண்டைக்காலம். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் ஒரு கொம்யூனிகேஷன் கடை. வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கவும் ஈமெயில் பார்க்கவும் சனம் வரும். அங்கே நான் டெக்னீஷியன், அதாவது காலையில் கடை கூட்டுவதும் நானே. உப்புக்காற்றில் எல்லா இரும்பும் கறள் கட்டும். மொனிட்டர்கள் சூடாகிக் கருகிய தூசு மணக்கும். இப்போதும் எங்காவது அந்த மணம் வந்தால் நான் திரும்பிப் பார்ப்பேன்.

கடையில் மூன்று மெஷின்கள். மூன்றாவதன் டிஸ்பிளே டிரைவர் சிடியை யாரோ தொலைத்துவிட்டார்கள். டிரைவர் இல்லையென்றால், உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் கார்டை எப்படி நடத்துவது என்று விண்டோஸுக்குத் தெரியாது. பதினாறே நிறத்தை வைத்துக்கொண்டு ஒப்பேற்றும். முகங்கள் புள்ளி புள்ளியாக, மஞ்சளும் சாம்பலும் சிவப்புமாக வரும். முதலாளி ராசண்ணையிடம் புதுக் கார்டு கேட்டேன். "முகம் பாக்கிறதுக்கு உது காணும்" என்றார்.

காணாது, அதாவது போதாது என்பதற்கு ஒரு லண்டன் மாப்பிள்ளை சாட்சி. அவருடைய படத்தை அந்த மெஷினில் பார்த்த பெண்ணின் தகப்பன், "பெடியனுக்கு ஏதோ தோல் வருத்தம் போல கிடக்கு" என்று எழும்பிப் போனார். கலியாணம் அத்தோடு சரி. நானும் ராசண்ணையும் நாள் முழுக்கச் சிரித்தோம். அடுத்தவன் பிழைப்புக் கெட்டால்தான் சிரிக்கலாம் என்கிற மாதிரி நாட்கள் அவை.

அந்த மெஷினுக்குத்தான் சுதனின் அம்மா வந்தார். பக்கத்து லொட்ஜில் தங்கியிருந்தவர், யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்தவர். மகன் சுதன் அதே லொட்ஜிலிருந்து ஒரு காலை, கனடா போகவென்று ஏஜென்சிக்காரனோடு இறங்கிப் போனவன். பிறகு ஒரு தகவலும் இல்லை. போய்ச் சேர்ந்தானா, வழியில் பிடிபட்டானா, யாருக்கும் தெரியாது. ஏஜென்சிக்காரனும் மாயம். அம்மா பொலிஸ், ஆமிக் காம்ப் என்று அலைந்து, களுபோவிலப் பிணவறை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

ரொறன்ரோவிலிருந்து அம்மாவின் தமையன் மகள், மருமகள் முறையானவள், தன் பிள்ளைகளின் படம் அனுப்பியிருந்தாள், கோயில் திருவிழாவில் எடுத்தது. பிள்ளைகளுக்குப் பின்னால் சனம். அதில் நின்ற ஒருவனின் மேல் அம்மா விரலை வைத்தார்.

"தம்பி, இது என்ர பிள்ளையெல்லோ?"

மருமகளுக்குக் கோல் எடுத்துக் கொடுத்தேன். பின்னால் எத்தனையோ பேர் நின்றார்கள், யார் யாரென்று தெரியாது, விசாரித்துப் பார்க்கிறேன் என்றாளாம். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. மறுநாள் லொட்ஜே திரண்டு வந்தது. "நிக்கிற நிலையைப் பாருங்கோ, இடது தோள் பதிஞ்சு. அவன்தான்" என்றார்கள். "காது கொஞ்சம் வேறமாதிரிக் கிடக்கு" என்று சொன்ன கிழவர் ஒருவரோடு லொட்ஜில் அதன்பிறகு யாரும் கதைக்கவில்லை.

அம்மா அலைச்சலை நிறுத்தினார். தினமும் மத்தியானம் வந்து அந்த முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார். ஒழுங்காகச் சாப்பிட்டு முகம் தெளிந்தது. நடைபாதைக் கடையில் ஒரு சுவெட்டர்கூட வாங்கினார், கனடா போகிற யாரிடமாவது கொடுத்துவிட.

அந்த மாரிக்காலம் முடிகிற நேரம் விண்டோஸின் புதுப் பதிப்பு வந்தது. பெரும்பாலான டிரைவர்களை அது தன்னோடேயே கொண்டுவந்தது. பம்பலப்பிட்டியில் நகல் சிடி ஒன்று வாங்கி, மூன்றாவது மெஷினில் ஏற்றினேன். கார்டைத் தானாகவே கண்டுபிடித்து, கேட்காமலே இலட்சக்கணக்கான நிறங்களைத் திறந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா வந்ததும், "இருங்கோம்மா, இண்டைக்குத் தெளிவாப் பாக்கலாம்" என்று நானே கதிரையை இழுத்துப் போட்டேன்.

படம் விரிந்தது. பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றவருக்கு ஐம்பது வயது இருக்கும். நரைத்த மீசை. வாய் நிறைய வெற்றிலை.

அம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்.

"பழையபடி ஆக்க ஏலுமே, தம்பி?"

ஏலும். நிறத்தைப் பதினாறாகக் குறைத்து, மெஷினை நிறுத்தித் திரும்பப் போட்டேன். பழைய புள்ளிகள் எல்லாம் வந்தன. அம்மா குனிந்து பார்த்தார்.

"இல்லை. இப்பவும் அந்த ஆள்தான் நிக்கிறார்."

பின்னால் ராசண்ணையின் குரல்: "அம்மா, எழும்புங்கோ. ஆக்கள் காத்துக்கொண்டு நிக்கினம்." அவரை அடிக்க வேண்டும் போல் இருந்தது. அடிக்கவில்லை. சம்பளம் தருகிறவனை யார் அடிப்பார்கள்.

இரண்டு நாள் கழித்து அம்மா திரும்ப வந்தார். உள்ளே வராமல், மகனின் பாஸ்போட் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே நின்றார். திரும்பப் பொலிசுக்குப் போகிறாராம்.

"அந்தப் படத்தை அழிச்சுவிடும் தம்பி. வேற ஆரும் தாய் பாத்து நம்பிப்போடுவா."

அழித்தேன். அந்தக் கடை இப்போது சேலைக் கடை. லொட்ஜை இடித்து அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள். அம்மாவும் செத்துப்போனதாகக் கேள்வி. அந்த ஒரு மாரி முழுக்கச் சுதன் ரொறன்ரோவில் உயிரோடு இருந்தான். அதற்குப் பிறகு அவன் எங்கேயும் இல்லை.